உறுமலை அடக்கிய வீடு

பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. ஓட்டுநர்களும் நடத்துநர்களும் அவளை ‘மைக் அக்கா’ என்பார்கள். அவள் குரல் ஊருக்கே தெரியும். முகம் பாதிப் பேருக்குத் தெரியாது.

தடியன் அவளுக்குக் கிடைத்ததும் அங்கேதான். பார்சல் மூட்டைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்த தவிட்டு நிற நாய்க்குட்டியைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். அப்போது அவளும் தம்பியும் மட்டும்தான் வீட்டில். தின்று தின்று உருண்டு திரண்டதால் தம்பி அதற்குத் தடியன் என்று பேர் வைத்தான். பிறகு அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முதலில் தடியனிடம் நல்ல பேர் வாங்க வேண்டியிருந்தது. ஒரு ஜோடிச் செருப்பைப் பறிகொடுத்து வாங்கினார். கல்யாணத்துக்குப் பின் அவளோடு தடியனும் புகுந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான்.

மாமியார் ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தார். ஒரே மாதத்தில், “தடியன் சாப்பிட்டானா?” என்று கேட்டுவிட்டுத்தான் தன் தட்டை எடுத்தார்.

மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று தடியன் தொட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி மோந்துவிட்டு, அதன் கீழேயே படுத்துக்கொண்டான். எல்லோருக்கும் மனசு நிறைந்துவிட்டது. அந்த நிறைவு குழந்தை தவழும்வரைதான் நீடித்தது.

அவள் தடியனைக் கூப்பிடுவது ‘கண்ணு’ என்றுதான். மகளையும் அப்படியே கூப்பிட்டாள். “கண்ணு, வாடா” என்ற குரல் கேட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவான். வந்து பார்த்தால் அவள் கைகள் வேறு பக்கம் நீண்டிருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போவான். அதை அவள் கவனித்தாள். ஆனால் பால், துணி, தூக்கம், வேலை என்று ஓடிய ஓட்டத்தில் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

முதல் உறுமல் அவன் பாயருகே குழந்தை தவழ்ந்து போனபோது வந்தது. மாமியார் செய்தித்தாளைச் சுருட்டித் தரையில் ஓங்கி அடித்தார். “பச்சப் புள்ளைகிட்ட உறுமுவியா? நன்றி கெட்டவனே!” தடியன் தலையைத் தொங்கப் போட்டான். அடுத்த முறையும் அடி தரையில்தான் விழுந்தது. அதற்கடுத்த முறை முதுகில் விழுந்தது. சில வாரங்களில் உறுமல் நின்றேபோனது.

“பாத்தியா, திருந்திட்டான்” என்றார் மாமியார்.

அவளுக்கு மட்டும் என்னவோ நெஞ்சில் குறுகுறுத்தது. வேலைக்குப் போன பிறகும் ஒவ்வொரு இடைவேளையிலும் வீட்டுக்கு போன் போட்டாள். “தடியன் எங்க இருக்கான்? பாப்பா எங்க இருக்கா?” மாமியார் அலுத்துக்கொள்வார்: “ஒரே வீட்லதான்மா இருக்காங்க. எங்க போயிடுவாங்க?”

ஒருநாள் முற்பகல், அவள் ஒரு வண்டியின் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மைக்கை அணைக்க மறந்துவிட்டாள்.

“ஐயோ, கொழந்தைய கடிச்சிட்டானா?”

நிலையம் முழுக்க அந்தக் குரல் மோதி எதிரொலித்தது. மூட்டை தூக்கியவர்கள் நின்றார்கள். அடுத்த நிமிடம் அறை வாசலில் ஒரு ஓட்டுநர் வந்து நின்றார். “அக்கா, கெளம்புங்க. என் வண்டி சும்மாதான் நிக்குது.” ஆளில்லாப் பேருந்தில், கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே போனாள். அவளால் உட்கார முடியவில்லை.

குழந்தையின் முழங்கைக்குக் கீழே பல் பதிந்திருந்தது. ஆழமில்லை. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு அனுப்பினார்கள். குழந்தை ஊசிக்குத்தான் அதிகம் அழுதது. தடியனைக் குளியலறையில் அடைத்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை.

“இன்னிக்கே அனுப்பிடணும்” என்றார் கணவர்.

“எங்க அனுப்புவீங்க?”

“எங்கயாவது. தெரிஞ்சவங்ககிட்ட கேக்குறேன்.”

“அவங்க வீட்லயும் கொழந்த இருக்கும்ல? மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுவோம். அதுவரைக்கும் பாப்பா என் இடுப்ப விட்டு எறங்க மாட்டா.”

மாமியார் மூலையில் உட்கார்ந்து, “ஒரு சின்ன சத்தம்கூடப் போடலையே. உறுமியிருந்தா தூக்கியிருப்பேனே” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கால்நடை மருத்துவர் வாய்க்கூடு மாட்டிவிட்டுத் தடியனை மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். இடுப்பில் கை பட்டதும் அவன் உடம்பு விறைத்தது. “மூட்டுல வலி இருக்குங்க. குழந்தை பக்கத்துல வந்தா, தன் மேல விழுந்துடுமோன்னு இவனுக்குப் பயம். முன்னாடி இவன் உறுமலையா?”

“உறுமிட்டுத்தான் இருந்தான். திட்டித் திட்டி நிறுத்திட்டோம்” என்றாள் அவள்.

“அது ‘தள்ளிப் போ’ன்னு சொல்றதும்மா. அத நிறுத்துனா பயம் போகாது. சொல்றதுதான் நிக்கும்.” பிறகு அவர் இன்னொன்றும் சொன்னார்: “வலிக்கு மருந்து தரேன். ஆனா இனிமே இவன நம்பி குழந்தைய விடலாம்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்.”

கூடத்தின் குறுக்கே இடுப்பளவுக் கம்பிக் கதவு வந்தது. ஒரு பக்கம் தடியன், மறுபக்கம் குழந்தை. கணவர் கடைக்குப் போகும்முன் தாழ்ப்பாளைப் பார்ப்பார். தெருமுனைவரை போய்த் திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். தண்ணீர் குடிக்க எழுந்தாலும், “யாரு எந்தப் பக்கம்?” என்ற கேள்வி வந்தது. மாமியார் அடியோடு மாறிவிட்டார். யாரும் அதட்டாததால் தடியனுக்கு உறுமல் மெல்லத் திரும்பியது. அவன் உறுமினால், “சரிப்பா, சரிப்பா, தள்ளிக்கிறோம்” என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்வார். வீட்டுக்கு வந்த ஓர் உறவினர், “நாய்க்கு இவ்ளோ மரியாதையா?” என்று சிரித்தார். “உங்களவிட ஒழுங்காப் பேசுறான்” என்றார் மாமியார்.

மருந்தில் வலி குறைந்தது. தடியன் வாலாட்டினான். அவளுக்குத்தான் பயம் குறையவில்லை. மேடை எண்களை மாற்றிச் சொன்னாள். பயணிகள் வந்து சண்டை போட்டார்கள்.

குழந்தை நடக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு மாலை, அடுப்படியிலிருந்து வந்தவள் கம்பிக் கதவு திறந்திருப்பதைக் கண்டாள். மகள் தடியனின் பாய்மேல் நின்றுகொண்டிருந்தாள். அவன் உறுமினான். குழந்தை சிரித்துக்கொண்டே கையை நீட்டியது. தடியன் மறுபடி உறுமினான். பிறகு சிரமப்பட்டு எழுந்து, பின்னங்காலை இழுத்தபடி சுவரோடு ஒட்டிப் பின்கட்டுக்குப் போய்விட்டான்.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

விஷயம் கேட்ட கணவருக்கு முகம் மலர்ந்தது. “பாத்தியா, அவனே ஒதுங்கிட்டான். இனி பயமில்ல.”

“இன்னிக்கு ஒதுங்கிட்டான். தினமும் ஒதுங்குன்னு அவன எப்படிக் கேக்குறது? நாமளும் மனுஷங்கதானே, நாளைக்கும் கதவ மறப்போம்.” அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள்: “தம்பிகிட்ட பேசிட்டேன். அவன் தனியாத்தான் இருக்கான். தடியனுக்கும் பழகின எடம்.”

அனுப்பியாக வேண்டும் என்று முதலில் குதித்த கணவர் அன்று சாப்பிடவில்லை. தம்பி வந்து கூட்டிக்கொண்டு போனபோது வாசல்வரை போய் அழுதவர் மாமியார்.

தடியன் தம்பி வீட்டில் வெகுகாலம் இருந்தான், இன்னும் பருத்தான். விடுமுறை நாட்களில் அவளும் மாமியாரும் மாறி மாறிப் போய்ப் பார்த்துவந்தார்கள். மகள் வளர்ந்தபிறகு, அவன் உறுமினால் கேட்டு நிற்கத் தெரிந்தபிறகுதான், அவளையும் அழைத்துப் போனார்கள்.

இப்போதும் யார் வீட்டுக்காவது போய், அங்கே ஒரு நாயும் சின்னக் குழந்தையும் ஒரே அறையில் இருந்தால், அவளால் பேச்சில் மனம் வைக்க முடியாது. “உக்காருங்கக்கா, எங்க நாய் சாது” என்பார்கள்.

“சாதுதாம்மா” என்பாள். எழுந்துபோய் இரண்டுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்துகொள்வாள்.