வன்னியம்பட்டி வெயிலில் ரோடோடென்ட்ரான் வளர்த்த மதினி

செய்தி வந்தபோது நான் நர்சரியில் நிழல்வலைக்குள் நின்று செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். மதுரை மருத்துவமனையிலிருந்து என் மகள் பேசினாள். "அம்மா, அத்தை போயிட்டாக" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு மீதி வரிசைக்கும் தண்ணீர் விட்டு முடித்தேன். கல்நெஞ்சுக்காரி என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். வெயில் ஏறிய பிறகு தண்ணீர் விட்டால் மதினி என்ன பேச்சுப் பேசுவார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

கனகவல்லி என்பது அவர்கள் பெயர். என் கணவரின் மூத்த அக்கா. ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "வந்தவன் பூராப் பேரும் வேலைய விடச் சொன்னான். நான் அவனுகள விட்டுட்டேன்" என்பார்கள்.

இமயமலையின் கிழக்குப் பக்கம் வேலை பார்த்தபோதுதான் ரோடோடென்ட்ரான் பூவை முதலில் பார்த்திருக்கிறார்கள். வார்டு ஜன்னலுக்கு எதிரே மலைச்சரிவு. பனி இன்னும் உருகவில்லை. அதற்கு நடுவில் மரம் மரமாகச் சிவந்து பூத்திருந்ததாம். "அம்புட்டுக் குளிருல இப்படிப் பூத்துக்கிட்டு நிக்குன்னா அதுக்கு எம்புட்டுத் திமிரு இருக்கணும்!" என்று சொல்வார்கள். மதினி வாயில் திமிர் என்பது பாராட்டுச் சொல்.

ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தவர்கள், வன்னியம்பட்டி போகும் வழியில் கிணற்றோடு கூடிய தன் பங்கு நிலத்தைக் கேட்டு வாங்கினார்கள். அதைத் தம்பிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பார்கள் என்று எல்லாரும் எண்ணியிருந்தோம். அவர்களோ நர்சரி போட்டார்கள். முன்பக்கம் மாங்கன்று, தென்னம்பிள்ளை, கறிவேப்பிலை. பின்பக்கம், நிழல்வலைக்குள், ரோடோடென்ட்ரான். ஊர்க்காரர்களுக்கு வாயில் நுழையாத பெயர். "மிலிட்டரிப் பூ" என்று வைத்துக்கொண்டார்கள்.

மலையிலிருந்து கொண்டுவந்த முதல் கன்றுகள் சித்திரையைத் தாண்டவில்லை. இலை ஓரம் கருகியது. பிறகு நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றதெல்லாம் மஞ்சளானது. கடைசியில் வேர் அழுகியது. இந்தச் செடிக்குப் புளிப்பு மண் வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரிலோ சுண்ணாம்பு. செத்த கன்றுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரைக் கழுவிப் பார்த்துவிட்டு மதினி சொன்னார்கள்: "செடி மேல தப்பு இல்ல. நான் பாத்த வைத்தியந்தான் தப்பு."

அடுத்த மழைக்கு முன்னால் கொட்டகைக் கூரையிலிருந்து விழும் மழைநீரைப் பிடிக்கத் தொட்டி கட்டினார்கள். தேங்காய் மட்டைத் துண்டுகளை உப்புப் போகும்வரை அலசி, அதிலேயே செடி வைத்தார்கள். செடி வகையையும் மாற்றினார்கள். ரோடோடென்ட்ரானிலேயே, தீவுக் காடுகளில், சூடான இடங்களில், மரக்கிளையைப் பற்றி வளரும் ஒரு வகை உண்டு. கூட வேலை பார்த்த தோழி ஒருவர் மூலம் அதன் குச்சிகளை வரவழைத்தார்கள். பாதிக்கு மேல் அழுகின. மிச்சம் வேர்விட்டன.

அந்தச் சமயத்தில்தான் போலீஸ் வேலையில் இருந்த என் கணவர் சாலை விபத்தில் இறந்தார். ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில், நான் இனி எங்கே உட்காரலாம், எதில் கலந்துகொள்ளலாம் என்று உறவினர்கள் முடிவு செய்துகொண்டிருந்தார்கள். காரியம் முடிந்த மறுநாள் மதினி வந்து நின்றார்கள்.

"ஏட்டி செல்வி, நாளைக்குக் காலையில நர்சரிக்கு வா. வேலை கெடக்கு."

என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று அழைப்பவர், குறுக்கே வந்தார். "என்னக்கா இது? தாலியறுத்த பிள்ளைய பூச்செடிக்குள்ள விட்டா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரா வந்து தண்ணி ஊத்தப் போகுது? இவதான ஊத்தப் போறா" என்றார்கள் மதினி.

மறுநாள் போனேன். இன்றுவரை போகிறேன்.

பக்கத்துத் தோட்டத்து மாரியம்மாவின் ஆடு ஒருநாள் உள்ளே புகுந்து ரோடோடென்ட்ரான் இலையைத் தின்றுவிட்டது. அந்த இலையில் விஷம் உண்டு. ஆடு நுரை தள்ளிக் கால் பின்னி விழுந்தது. கூட்டம் கூடிவிட்டது. அத்தானும் வந்துவிட்டார். "விஷச்செடிய வச்சு ஊரக் கெடுக்காதக்கா. இன்னைக்கே வெட்டிப் போடணும்" என்று அவர்தான் அதிகம் சத்தம் போட்டார்.

மதினி தரையில் உட்கார்ந்து ஆட்டின் தலையை மடியில் வைத்திருந்தார்கள். கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து, ஊசிக்குழாயால் சிறிது சிறிதாகப் புகட்டிக்கொண்டிருந்தார்கள். கால்நடை மருத்துவர் வந்து ஊசி போடும்வரை அந்தத் தலையை மடியிலிருந்து இறக்கவில்லை. பிறகு எழுந்து சேலையை உதறினார்கள்.

"விஷந்தான். வேலி போடாதது என் தப்பு. ஆட்டுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பொறுப்பு. ஆனா செடிய வெட்ட மாட்டேன். ரோட்டோரம் பூரா அரளி நிக்கே, அதுவும் விஷந்தான். அதப் பறிச்சுச் சாமிக்குப் போடுதிய. மொதல்ல போய் அத வெட்டிட்டு வாங்க. பொறவு இதப் பேசுவோம்."

ஆடு பிழைத்துக்கொண்டது. வேலிக்குக் குழி தோண்டக் கடப்பாரையோடு வந்தவளும் மாரியம்மாதான். தோண்டிக்கொண்டே கேட்டாள்: "ஏக்கா, தலைக்கும் வைக்க முடியல, சாமிக்கும் போட முடியல, ஆட்டுக்கும் ஆகல. பொறவு என்னத்துக்குத்தான் இந்தப் பூ?"

"பூக்கதுக்குத்தான். வேற எதுக்காவது ஆகணும்னு என்ன கட்டாயம்?"

அந்த ஆண்டு ஐப்பசி மழை ஓய்ந்தபோது முதல் பூங்கொத்து விரிந்தது. நல்ல ஆரஞ்சு நிறம், எண்ணெய் ஊற்றும் புனல் போல. மதினி முக்காலியைக் கொண்டுவந்து அதன் முன்னால் போட்டு, சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்கள்.

என் மகள் கல்யாணம் ராஜபாளையத்தில் நடந்தது. நான் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி நின்றிருந்தேன். மதினி லோடு ஆட்டோவில் பூத்த தொட்டிகளோடு வந்து இறங்கி, அவற்றை மண்டப வாசலில் இருபுறமும் வைத்தார்கள். பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்து சந்தனக் கிண்ணத்தைக் கொடுத்தார்கள்.

அத்தான் ஓடி வந்தார். "அக்கா, நல்ல காரியம். இவ வாசல்ல நிக்கக் கூடாது."

"இவ பெத்த பிள்ளைக்குத்தான் கல்யாணம். இவ நிக்காத வாசல்ல நான் நுழைய மாட்டேன். ஒனக்குச் சங்கடமா இருந்தாப் பின்வாசல் வழியா வா."

நான் கிண்ணத்தோடு வாசலில் நின்றேன். அப்போதுதான் மாப்பிள்ளையின் தாயார் காரிலிருந்து இறங்கினார். சந்தனத்தைத் தொட்டுக்கொண்டே, "இது என்ன பூ சம்பந்தி, இம்புட்டு அழகா இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். நான் சொன்னேன். அதன் பிறகு வந்த அத்தனை பேருக்கும் நான்தான் சொன்னேன்.

போன ஆண்டு மதினிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. மருத்துவமனையிலிருந்து தினமும் போன் வரும். கடைசியாகப் பேசியபோதும் முதல் கேள்வி, "காஞ்ச பூவக் கிள்ளுனியாட்டி? வெத கட்ட விடாத, செடிக்குச் சத்து போயிரும்" என்பதுதான். கிள்ளிவிட்டேன் என்றேன். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்டேன். "பயமா இருக்கா மதினி?"

"எத்தன பேரு கண்ண மூடுறதக் கூட இருந்து பாத்திருக்கேன். பயம் இல்லட்டி. எரிச்சல்தான் வருது. அம்புட்டு வேலை கெடக்கு."

மூன்றாம் நாள் காரியத்துக்கு உறவெல்லாம் கூடியிருந்தபோது அத்தான் சொன்னார்: "இனி அந்த எடத்த மனை போட்டுருவோம். அந்தச் செடி இந்த மண்ணுக்கு வந்ததே தப்பு." நர்சரியை மதினி என் பெயருக்கு மாற்றிவிட்டது அவருக்கும் தெரியும். நான் இத்தனை ஆண்டுகளில் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

"நர்சரி தொறந்துதான் இருக்கும் அத்தான்" என்றேன்.

"கோர்ட்டுக்குப் போவேன்."

"போங்க. நான் செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்."

இன்று காலை சோழபுரத்திலிருந்து ஓர் இளம் தம்பதி வந்து ரோடோடென்ட்ரான் கேட்டார்கள். "எங்க ஊர் வெயிலுக்கு வருமா?" என்றாள் அந்தப் பெண். "வரவைக்கணும்" என்றேன். மழைநீர் பிடிப்பது, வேரில் வெயில் படாமல் காப்பது, ஆடு அண்டாமல் வேலி போடுவது, எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். பைக்கில் பின்னால் உட்கார்ந்து, தொட்டியை மடியில் வைத்து, முந்தானையால் இலைகளை மூடிக்கொண்டு அவள் போனாள். கொளுத்தும் வெயிலில் அந்த வண்டி சாலைத் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்று பார்த்தேன்.

போய் வாருங்கள், மதினி. இங்கே டியூட்டிக்கு ஆள் இருக்கிறது.