மஞ்சுளா நிறுத்திய மெஷின்

ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் திருத்திச் சேமிக்கும் வரைபடம் கிளவுட் வழியாகத் தானாகவே மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும்.

அன்று காலை ஒரு பாகத்தின் துளையைச் சிறிதாக்கித் திருத்திவிட்டு, எல்லோருக்கும் சொல்லியும் விட்டேன். சிறிது நேரத்தில் ஆபரேட்டர் மஞ்சுளா போன் செய்தாள். உத்தனப்பள்ளியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி.

"அக்கா, ஹோலச் சின்னதாக்கியிருக்குன்னு சொன்னீங்க. இங்க பழைய அளவுதான் காட்டுது. மெஷின நிறுத்திட்டேன்."

"நான் மாத்தியாச்சு. பேசாம ஓட்டு" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க வந்து பாருங்கக்கா. அதுவரைக்கும் ஓட்ட மாட்டேன்."

கோபத்தோடு போனேன். அவள் கம்ப்யூட்டரில் மற்றவர்களின் கோப்புகளெல்லாம் வந்திருந்தன. என்னுடையது மட்டும் வரவில்லை. என் இடத்துக்கு ஓடிவந்து, திரையின் மூலையிலிருந்த மேகக் குறியை அழுத்தினேன். 'சிங்க் நிறுத்தப்பட்டுள்ளது' என்றிருந்தது; அதாவது, கோப்புகள் தானாகப் போவது நின்றிருந்தது. முந்தின நாள் நெட் மெதுவாக இருந்ததால் நான்தான் நிறுத்தியிருந்தேன். திரும்ப ஓடவிட மறந்துவிட்டேன். இப்போது ஓடவிட்டு, மெஷினுக்குத் திரும்பிப் போனேன்.

அதற்குள் மேனேஜர் மஞ்சுளாவிடம் வந்து, "யார கேட்டு நிறுத்துன?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் கூடியிருக்க, அவள் தலைகுனிந்து நின்றாள்.

"தப்பு என்னோடது சார்" என்றேன். "இவ நிறுத்தலைன்னா இன்னிக்குச் செஞ்சது மொத்தமும் ஸ்கிராப்புதான்."

அவர் குனிந்து திரையிலிருந்த அளவைப் பார்த்தார். பிறகு, "நல்ல வேலை பண்ணுனம்மா" என்றார் அவளிடம்.

மஞ்சுளாவை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை. அத்தனை பேர் முன்னால் என் தவற்றைச் சொன்னதில், என்னை நினைத்தும் கொஞ்சம் பெருமைதான்.