வெட்டினவனுக்கா, வெட்டுப்பட்டவனுக்கா

புதுச் சீட்டுக்கட்டின் விளிம்பால் விரல் முட்டியில் ஓங்கி அடித்தால் தோல் முதலில் வெளுக்கும், பிறகு சிவக்கும். அதே இடத்தில் மறுபடி மறுபடி அடித்தால் பிளக்கும். துபாயின் ஜெபல் அலியில் ஒரு தொழிலாளர் கேம்ப் அறையில், ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் இதைக் கண்ணால் கண்டேன். அங்கே நடந்துகொண்டிருந்தது நான் வடிவமைத்த ஆட்டம்.

அப்போது ஃப்ரீ ஸோனில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அமீரகத்தில் சூதாட்டத்துக்கு இடமில்லை. நாங்கள் எழுதியவை தொலைதூரக் கடல்களில் செல்லும் கப்பல்களின் சூதாட்ட இயந்திரங்களுக்கானவை. தெரிந்த சீட்டாட்டங்களைச் சேர்த்து ஒரே ஆட்டமாக்கச் சொன்னார் மேலாளர். ஆட வருபவர் எதையும் புதிதாகக் கற்கக் கூடாது, உட்கார்ந்தபின் எழுந்துகொள்ளவும் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. ரம்மியில் தொடங்கி, மூன்று சீட்டில் ஒப்பிட்டு, மிஞ்சிய சீட்டுகளைக் கழுதை ஆட்டத்தில் தள்ளிவிடுவதாக அமைத்தேன். தோற்றவர் ‘டபுள்’ கேட்கலாம். அடுத்த சுற்றில் வென்றால் பழைய தோல்வி எதிராளி பக்கம் திரும்பும், தோற்றால் இரட்டிக்கும்.

இயந்திரத்துக்குப் போகும்முன் காகிதச் சீட்டில் ஆடிப் பார்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். அந்தக் கேம்ப்புக்கு வெள்ளிதோறும் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்த புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் அந்த வெள்ளிக்கு மறுநாள் காலை வெல்டர் தேர்வுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கான ஆங்கிலச் சொற்களை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். தேறினால் வெல்டர், இல்லையென்றால் ஒப்பந்தம் முடியும்வரை ஹெல்ப்பர். வலது கையால் வெல்டிங் கம்பியைப் பிடித்து நடுங்காமல் குழாயைச் சுற்றிவர வேண்டும். அந்தக் கையால் கனமான வாளியைக்கூட அவர் தூக்குவதில்லை.

அவருக்கு எதிரே ஆட உட்கார்ந்தவர் ராமநாதபுரத்துக்காரர், ஃபிட்டர், அறையில் மூத்தவர். பணம் வைத்து ஆடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

“காசு வேணாம்னா கடலமுட்டாயா சார் வைக்கிறது? அடி வைப்போம். தோத்தவன் முட்டியில ஜெயிச்சவன் போடட்டும்” என்றார் ஃபிட்டர். எல்லோரும் சிரித்தார்கள். பணத்தைவிட அது மேல் என்று எனக்கும் பட்டது.

புதுக்கோட்டைக்காரர் தோற்றபோதெல்லாம் இடது கையை நீட்டினார்.

“வலது கைய எங்கடா பொத்தி வச்சிருக்க? நாளைக்கு மாப்பிள்ளை அழைப்பா?”

“அடிக்கிறத அடிங்கண்ணே. டபுள்!”

மறுபடி தோற்றார். மறுபடி டபுள். அடிகள் பெருகின. முட்டித்தோல் கிழிந்து ரத்தம் சீட்டுகளில் ஒட்டியது. ஆட்டத்தை நிறுத்தலாம் என்று சொன்னேன். “தோத்துட்டு எந்திரிக்கிறதா சார்? நீங்க சீட்டப் போடுங்க” என்று என் கையைத் தட்டிவிட்டார்.

கடைசிச் சுற்றில் ஃபிட்டர் இஸ்பேட் ராஜாவை இறக்கினார். கையில் இஸ்பேட் இல்லாத மகிழ்ச்சியில் புதுக்கோட்டைக்காரர் வேறு சீட்டை ஓங்கிப் போட்டு, “வெட்டு! அள்ளுங்கண்ணே!” என்று கத்தினார்.

“வெட்டுனவன்தானடா அள்ளணும்? இருபத்தெட்டு ஆட்டத்துல அப்பிடித்தானே?”

“இது கழுதைண்ணே. வெட்டுப்பட்டவருதான் அள்ளணும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்தெட்டில் துருப்பால் வெட்டியவர் சீட்டுகளை அள்ளுவது வெற்றி. கழுதையில் வெட்டுப்பட்டவர் அள்ளுவது தோல்வி. ஒரே சொல், இரண்டு ஆட்டங்களில் நேரெதிரான பலன். என் ஆட்டத்தின் அந்தச் சுற்று கழுதைதான். ஃபிட்டர்தான் அள்ள வேண்டும் என்றேன். அதுவரை இரட்டித்த அடிகளெல்லாம் அவர் பக்கம் திரும்பின.

“சார் உன் வாத்தியாரு. உனக்குத்தான் சொல்லுவாரு” என்றபடி ஃபிட்டர் எழுந்தார். “கைய நீட்டுங்கண்ணே” என்று மற்றவரும் எழுந்தார். தான் சாப்பிட்ட எவர்சில்வர் தட்டை எடுத்து ஃபிட்டர் அவர் நெற்றியில் அறைந்தார். புருவம் கிழிந்தது. இடையில் புகுந்த எனக்கு நெஞ்சில் ஒரு முழங்கை விழுந்தது. கண்ணில் ரத்தம் இறங்க, புதுக்கோட்டைக்காரர் முழு பலத்தோடு முஷ்டியை வீசினார். அன்று அதுவரை அவர் பொத்தி வைத்திருந்த முஷ்டி. ஃபிட்டர் குனிந்துகொண்டார். முஷ்டி இரும்புக் கட்டிலின் காலில் மோதியது. எலும்பு முறிந்த ஓசை அறை முழுவதும் கேட்டது. அதன்பிறகு யாரும் யாரையும் அடிக்கவில்லை.

மறுநாள் காலை தேர்வு நடக்கும் இடத்துக்கு நானும் போயிருந்தேன். கட்டுப்போட்ட கையோடு புதுக்கோட்டைக்காரர் வந்தார். வெல்டிங் முகமூடியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தவர் ஃபிட்டர். “பாய், ஏக் சான்ஸ். இவன் நல்லா வேலை பாப்பான், பாய்” என்று இந்தியையும் தமிழையும் கலந்து கெஞ்சினார். தேர்வாளர் கட்டைப் பார்த்தார். “மாஃபி டெஸ்ட். கலாஸ்” என்றார். தேர்வு கிடையாது, முடிந்தது என்று பொருள். அடுத்த ஆளை அழைத்தார்.

அன்று பிற்பகல் மேலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். டபுளை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் இதை நான் எழுத மாட்டேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“ரத்தம் வந்த பிறகும் டபுள் கேட்டாரா?”

“கேட்டார்.”

“அப்படியென்றால் இதில் உருப்படியானது அது ஒன்றுதான்” என்றார். வேலை பக்கத்து மேசைக்குப் போனது. எனக்குச் சரக்குக் கிடங்குக் கணக்கு மென்பொருள் ஒன்று தரப்பட்டது.

அந்த வியாழக்கிழமை புதுக்கோட்டைக்காரர் போன் செய்தார். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கேள்வியை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

“சார், அந்த வெட்டு எனக்குத்தானே? எல்லார் முன்னாடியும் இன்னொரு தரம் சொல்லிருங்க. அண்ணன் இன்னும் எனக்கு அடி பாக்கி. நாளைக்கு வருவீங்கள்ல?”

டூட்டி இருக்கிறது என்றேன்.

“அப்ப சீட்டையாவது குடுத்தனுப்புங்க” என்றார்.