ஈரம் காயாத சாம்பல் நிறம்

இது கட்டிவிட்ட கதை இல்லை. கதை கட்டுகிறவர்கள் தங்களைக் கொஞ்சமாவது நல்லவர்களாகக் காட்டிக்கொள்வார்கள். இதை என்னிடம் சொன்னவள் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

அவள் புகைப்படக் கலைஞர். ஆளையோ மலையையோ எடுக்க மாட்டாள். மேஜைமேல் வைத்த பொருள்கள் மட்டும்தான். ஓவியம் படித்துவிட்டு, ஒரு படம்கூட விலைபோகாமல் கேமராவுக்கு வந்தவள். கிண்ணம், பழம், பாட்டில் என்று எல்லாவற்றின் மேலும் எண்ணெய் வண்ணம் பூசுவாள். வெளிச்சத்தையும் நிழலையும் தூரிகையாலேயே தீட்டுவாள். பிறகுதான் படம் எடுப்பாள். பார்க்கிறவர்கள் இது ஓவியமா போட்டோவா என்று குழம்பிப்போவார்கள். அதில்தான் பேர் வாங்கினாள்.

அந்த யோசனை அவளுடையது இல்லை. கூடப் படித்து, ஒரே அறையில் தங்கியிருந்த தோழியுடையது.

ஒரு பேட்டியில், "எப்படித் தோணிச்சு?" என்று கேட்டார்கள். "ஒரு நாள் தானா தோணிச்சு," என்றாள். நாக்கு கூசவில்லை. பேட்டி வந்த வாரம் தோழியின் வீட்டு எண்ணிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து, தோழி இறந்துபோன செய்தி வந்தது. துக்கத்துக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

செய்தி வந்த பதினோராம் நாள். ஞாயிறு, பட்டப்பகல். ஸ்டூடியோ கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள். மேஜையில் ஒரு தகரக் கெட்டில், மூன்று பேரிக்காய், ஒரு பாட்டில். எல்லாம் சாம்பல் நிறம். வண்ணம் இன்னும் காயவில்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டுமே என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் இரண்டு நிமிடம் திறந்திருக்க வேண்டும்.

மணி 2.14. முதல் படம். சரியாக வந்திருந்தது. நிமிர்ந்தாள். நடுப் பேரிக்காய் ஒரு விரற்கடை தள்ளி இருந்தது. மேஜை சரிவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

2.21. இரண்டாவது படம். திரும்பி நின்று துணியில் கை துடைத்தாள். சரக்... தகரம் மரத்தில் உரசும் சத்தம். கெட்டில் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதன் ஈர வண்ணத்தில் விரல் தடங்கள். ஒன்றிரண்டு இல்லை. மூக்கு, மூடி, கைப்பிடி... எங்கும்.

ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் கண் அகலவில்லை. அவள் வைத்ததைவிட இப்போது அழகாக இருந்தது.

ஓடியிருக்கலாம். அவள் மூன்றாவது படத்துக்குப் பொத்தானை அழுத்தினாள்.

"பயந்தத சொல்ல வெட்கமில்ல," என்றாள் என்னிடம். "இதச் சொல்லத்தான்..."

2.26.

"நீயா?" என்றாள்.



கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

நெற்றியில் ஏதோ பட்டது. ஈரமாக... குளிர்ச்சியாக...

புருவம்.

மூக்கு.

உதடு...

அங்கே நின்றது.

க்ளிக். லென்ஸ் மூடிக்கொண்டது.

கண்ணாடியில் பார்த்தாள். முகமெல்லாம் சாம்பல் நிறக் கோடுகள்.

அந்த மூன்றாவது படத்தைக் கண்காட்சியில் வைத்தாள். தன் பெயரில்தான். அதைத்தான் எல்லோரும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள், எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று தோழியின் அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

வீட்டுக்குள் நுழையும் நடையில், இடுப்பு உயரத்தில், சுவரோடு ஒரு கயிறு ஓடியது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இது எதுக்குண்ணா?"

"அவ பிடிச்சு நடக்கத்தான். கண்ணு போயிடுச்சேம்மா. உனக்குத் தெரியாதா? கடைசி ரெண்டு வருஷம் எதுவானாலும் தடவிப் பார்த்துத்தான்."

அவள் கயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"ஆளுங்களையும் அப்படித்தான்," என்றார் அண்ணன். "நெத்தியிலருந்து உதடு வரைக்கும் மெதுவா தடவுவா. அப்புறம் யாருன்னு சொல்லிடுவா. ஒரு தடவகூடத் தப்பினதில்ல."