கூனனைப் பார்த்தவர்கள்

மழை விட்ட காலைகளில் மலையிலிருந்து இறங்கிவரும் காற்றில் நனைந்த குரங்கு முடியின் வாடை இருக்கும். விக்கிரமசிங்கபுரத்தில் மில்லுக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் அந்த வாடை வந்தால் ஓட்டின் மேல் கூட்டம் வந்து உட்கார்ந்தாயிற்று என்று பொருள். அம்மா ஓடிப்போய் அடுக்களைச் சன்னலைச் சாத்துவாள், ஏனென்றால் உள்ளே கருவாடு இருக்கும். குரங்கு கருவாடு தின்னாது என்று அப்பா எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டாள். எங்கள் குடும்பத்தில் சந்தேகம் அம்மா வழிச் சொத்து. எனக்கும் அதில் பங்கு உண்டு.

அம்மா புன்னக்காயல்காரி. எங்கள் மலையில் பிறக்கிற தாமிரபரணி அவள் ஊரில்தான் கடலில் போய்ச் சேர்கிறது. அங்கே வள்ளம் வைத்திருந்த அவளுடைய அண்ணன், அதாவது என் மாமா, தெரிந்த கண்டக்டர் கையில் பனையோலைப் பெட்டி நிறையக் கருவாடு கொடுத்துவிடுவார். நாம் தண்ணி அனுப்புதோம், அவுக மீன் அனுப்புதாக என்று அம்மா பெருமையாகச் சொல்வாள்.

பொதிகையின் அடியிலேயே வாழ்ந்தும் எங்கள் தெருவிலிருந்து பொதிகை உச்சி தெரியாது. முன்னால் நிற்கும் மலைகள் மறைத்துக்கொள்ளும். அதன் கதை மட்டும் எங்களுக்குத் தெரியும். சிவன் கல்யாணத்துக்குக் கூடிய கூட்டத்தில் பூமி வடக்கே சாய்ந்தபோது அதைச் சமன்செய்ய வந்த அகத்தியர் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று, வேதக்காரரான, அதாவது கிறிஸ்தவரான, என் அப்பாவும் ஊரோடு ஒத்துச் சொல்வார். மழைக்காலம் முடிந்து வானம் தெளிந்த காலைகளில் அதே உச்சி மாமாவின் கடலிலிருந்து நன்றாகத் தெரியுமாம். அங்கே அதற்குப் பெயர் "கூனன்". கருவாடு வாங்கக் கடற்கரைக்கு நடந்துவந்த கூனன் ஒருவன், கோழி கூவியதும் பாதி வழியில் கல்லாகிப் போனான் என்பது அவர்கள் கதை. கல்லான பிறகும் அவன் கடலுக்குள் யார் என்ன பிடிக்கிறார்கள் என்று ஒட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று மாமா உறுதியாக நம்பினார்.

நம்புவதற்குக் காரணம் இருந்தது. கடலுக்கடியில் மீன் கூடும் பாறைக்குப் "பார்" என்று பெயர். தண்ணீருக்கு மேல் அதற்கு அடையாளம் எதுவும் கிடையாது. தூரத்து மலையையும் கரையிலுள்ள மாதா கோயில் கோபுரத்தையும் ஒன்றன் பின் ஒன்றாக வைத்து ஒரு கோடு, வேறு இரண்டு அடையாளங்களை வைத்து இன்னொரு கோடு, இரண்டும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். இந்தக் குறிக்கு "கணியம்" என்பார்கள். தன் அப்பன் காட்டிய ஒரு பாரின் கணியத்தை மாமா பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. அந்த இடத்தில் கூனன் எப்படி நிற்பான் என்பது அந்த வள்ளத்தில் போனவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

அப்படிப் போனவர்களில் என் அப்பாவும் ஒருவர். மில்லில் வேலை கிடைப்பதற்கு முன், கல்யாணமான புதிதில், மச்சானுக்கு ஒத்தாசையாகச் சில மாதம் கடலுக்குப் போனார். போன நாளெல்லாம் வாந்திதான். வள்ளத்தின் அடியில் முகத்தைப் புதைத்துக் கிடந்துவிட்டுக் கரை வந்ததும்தான் எழுந்திருப்பாராம். பிறந்ததிலிருந்து அலையில் ஆடிய மாமாவுக்கு இது விளங்கவே இல்லை. கடல் ஒரு மனுஷனை அப்படிப் படுத்தும் என்பதை அவர் நம்பவில்லை. "மேக்கத்தியான் நடிக்கான். ஒரு கண்ண மூடிக்கிட்டு மறு கண்ணால எல்லாத்தையும் பாக்கான்" என்று ஊர் முழுக்கச் சொன்னார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள் மாமா தன் பாருக்குப் போனபோது அங்கே வேற்றூர் விசைப்படகுகள் மடி வலை இழுத்துக்கொண்டிருந்தன. இடத்தை யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கெட்ட நேரம், அந்த வருஷம்தான் அப்பா புதுச் சைக்கிள் வாங்கியிருந்தார். மில் போனஸில் வாங்கியது என்றார். செய்தி எப்படியோ ஆற்றோடு இறங்கிப் புன்னக்காயல் போய்ச் சேர்ந்தது. பனையோலைப் பெட்டி வருவது நின்றது. அம்மா காலியான கருவாட்டுப் பானையைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். நான் சும்மா இருக்கவில்லை. அப்பா யாரோடு டீ குடிக்கிறார், தெரியாத ஆள் யாரும் வீட்டுப் பக்கம் வருகிறானா என்று பள்ளிக்கூடம் விட்டதும் வேவு பார்த்தேன். எதுவும் சிக்கவில்லை, அதனால் சந்தேகம் இன்னும் கூடியது.

இந்த நேரத்தில் அக்காவுக்குக் கடற்கரையில் ஒரு நல்ல இடம் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றே ஒன்று சொன்னார்கள்: தாய்மாமன் வந்து நிற்காத சபையில் நாங்கள் பேச்சை எடுக்க மாட்டோம். அம்மா ஆள்மேல் ஆள் அனுப்பினாள். தை மாதத்தில் ஒரு காலை மாமா வந்தார். செருப்பைக் கழற்றியவர் முதலில் போய் அப்பாவின் சைக்கிள் மணியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அம்மா போட்ட இலையைத் தொடவில்லை. வாசலில் நின்று மேற்கே பார்த்து, "ஏளா, மலை எங்க இருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

"இதான் மாமா."

"இது யாரோ. நான் கேட்டது கூனன."

அவன் இங்கிருந்து தெரியமாட்டான் என்றேன். மாமா அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வை நல்லதாக இல்லை. "மலைக்கு அடியில வீட்டப் போட்டு அவனையும் ஒளிச்சு வச்சிருக்கீரு, என்ன வே?"

அப்பாவுக்கு முகம் சிவந்தது. "வாரும் மச்சான், காட்டுதேன்" என்று சட்டையை மாட்டினார். நானும் கூடவே ஏறிக்கொண்டேன். பாபநாசத்திலிருந்து காரையாறு போகிற பஸ் மலைப்பாதையில் வளைய ஆரம்பித்ததும் மாமாவின் பேச்சு நின்றது. அடுத்த வளைவில் முன் கம்பியைப் பிடித்தார். அதற்கடுத்ததில் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார், அவ்வளவுதான், குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி. டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார். மாமா பாதையோரம் குப்புறக் கிடந்தார். மேலே மரத்தில் கருமந்திகள் "ஊ ஊ" என்று கத்துவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. எதிர்ச்சரிவில் இருவாச்சி ஒன்று பெருஞ்சத்தமாகச் சிறகடித்துப் போனது. "மாமா, இருவாச்சி!" என்று கத்தினேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

அப்பா தண்ணீர் கொடுத்து, முதுகைத் தடவிவிட்டார். பிறகு பைய, யாருக்கும் கேட்காதபடி சொன்னார்: "அந்தப் பறவையப் பாத்தீரா மச்சான்?"

"செத்துக்கிட்டு இருக்கேன், பறவையப் பாக்கவா?"

"எனக்குக் கடல்ல இப்படித்தான் இருந்துச்சு. நீரு என்னன்னா, மலையப் பாத்தேங்கீரு."

மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்து எழுந்தார். காரையாறு அணைப் பக்கம் இறங்கியபோது உச்சி தெரிந்தது. இங்கிருந்து பார்க்க முதுகும் இல்லை, கூனும் இல்லை, வெறும் கூர்மை. "இது அவன் இல்ல" என்று மாமா சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அம்மா போட்ட இலையில் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். அக்காவின் கல்யாணம் நடந்தது. பனையோலைப் பெட்டியும் பழையபடி வர ஆரம்பித்தது. காட்டிக்கொடுத்தவன் யார் என்று மாமா வேறு திசைகளில் தேடத் தொடங்கினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். பல வருஷம் கழித்து, அப்பா மில்லிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, மாமா மகள் கல்யாணத்துக்குப் புன்னக்காயல் போயிருந்தோம். வானம் கழுவிவிட்டது போலிருந்த காலை. கரையில் அப்பாவும் மாமாவும் நானும் நின்றோம். மேற்கே கூனன் மங்கலாகத் தெரிந்தான். அப்பா அவனைப் பார்த்துச் சிரித்தபடி என்னிடம் சொன்னார்: "இங்கன இருந்து பாத்தா ஒண்ணுமில்ல, தாயி. உள்ள போய்ப் பாக்கணும். கோபுரத்துச் சிலுவையக் கூனன் முதுகுல சொமந்துக்கிட்டு நிக்காப்ல இருக்கும். அவ்வளவு அழகு."

நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கூனன் சிலுவை சுமக்கிற அந்தக் காட்சிதான் கணியத்தின் முதல் கோடு. பாரின் மேல் நின்று தலையை நிமிர்த்தியவனுக்கு மட்டுமே அது தெரியும். சொன்ன பிறகுதான் அப்பாவுக்கும் உறைத்திருக்க வேண்டும், சட்டென்று வேட்டியை மடித்துக் கட்டத் தொடங்கினார். மாமாவுக்குக் கேட்டிருக்கும், பக்கத்திலேதான் நின்றார். கடலைப் பார்த்துக்கொண்டே, "வெயில் ஏறுது மாப்ள, சாப்பிடப் போவோம்" என்றார்.

ஒரு நாள் வாந்தி இல்லாமல் தலை நிமிர்ந்து பார்த்தது குற்றமில்லை. பார்த்ததை விற்றாரா என்பதுதான் கேள்வி. நான் கேட்கவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இப்போது பார் இருந்த இடத்தில் மடி இழுத்து இழுத்து மீன் இல்லை என்கிறார்கள். மிச்சமிருக்கும் இடங்களெல்லாம் பையன்கள் கையிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவியில் எண்களாக இருக்கின்றன. கூனனைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் அவசியமில்லை. பஸ்காரர்கள் ஓலைப்பெட்டி ஏற்றுவதில்லை, அதனால் அட்டைப்பெட்டியில் பார்சலாக வருகிறது. மாமா இன்னும் அனுப்புகிறார். மேலே அப்பா பெயரைத்தான் எழுதச் சொல்கிறார். அது பிரியமா, இல்லை அவரும் என்னைப் போலவே பதிலுக்குக் காத்திருக்கிறாரா என்று ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.