அழுத்தினால் பெருகும் வயலின்

என் அக்காவுக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் அவள் எழுதுவது கீபோர்டுக்காரர்கள் கணினியில் வைத்து வாசிக்கும் சாம்ப்ளர் மென்பொருள். நிஜ வயலினை மென்மையாக ஒருமுறை, உரக்க ஒருமுறை பதிவுசெய்து ஒவ்வொரு கட்டைக்கும் கொடுத்திருப்பார்கள். வலது கை வாசிக்கும்போது இடது கை கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் ஒரு சக்கரத்தை உருட்டினால், மென்மை தேய்ந்து உரத்தது வளரும்.

ஒரு விபத்துக்குப் பிறகு மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, இடது கை எழவில்லை. இருபது வருடமாக இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தவர். குழுத்தலைவர் வெள்ளிக்கிழமைவரை பொறுத்துப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குமேல் வேறு ஆள்.

"கட்டையை அடிச்சப்புறமும் விரலை அமுக்கினா, கீபோர்டு அந்த அழுத்தத்தையும் அனுப்புது. ஆஃப்டர்டச்னு பேரு. நம்ம சாம்ப்ளருக்குத்தான் அது செவிடன் காதுல ஊதின சங்கு," என்றாள் அக்கா தன் அலுவலக மேலாளரிடம்.

"யாரும் கேக்கலையேம்மா," என்று அவர் கையை விரித்தார்.

"நான் கேக்கறேன் சார்."

சாப்பாட்டு இடைவேளைகளில் உட்கார்ந்து எழுதி முடித்தாள். வாயெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தாள். மாமா அமுக்கினார். வெகுநேரம் ஒன்றுமில்லை; திடீரென்று உரத்த வயலின் குதித்தது.

"கத்துது," என்று எழுந்துவிட்டார் மாமா.

எதை வைத்துச் சோதித்தாய் என்று கேட்டேன். மவுஸை வைத்தாம். திரையில் ஒரு குமிழை இழுத்துப் பார்த்திருக்கிறாள். படித்தவள் செய்கிற வேலையா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மாமாவை மறுபடி உட்காரவைத்தாள். "லேசா அமுக்குங்க. இப்ப உங்க முழு பலத்தோட." திரையில் எண்கள் பாதி அழுத்தம்வரை ஊர்ந்தன, அப்புறம் ஒரேயடியாகப் பாய்ந்தன. ஊர்ந்த இடத்திலேயே வயலின் வளரத் தொடங்கும்படி மாற்றினாள். வாசிப்பவர் தன் விரலின் பலத்தைச் சாம்ப்ளருக்குப் பழக்கிக்கொடுக்க ஒரு பொத்தானும் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக் கூடத்தில் மாமா ஒரே ஒரு சுரத்தைப் பிடித்தார். விரல் அசைந்ததாகவே தெரியவில்லை. வயலின் மெல்ல எழுந்து கூடத்தை நிறைத்து, திரும்ப அடங்கியது. பிறகு முழுப் பாட்டையும் வாசித்தார். நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

குழுத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு நிகழ்ச்சி. கறுப்புச் சட்டை போட்டுட்டு வந்துடுங்க."

"இஸ்திரி போட்டே வெச்சாச்சு சார்," என்றாள் அக்கா, கடைசி வரிசையிலிருந்து.