ஊற்று வந்த லயம்

ஊற்றைப் பற்றி அண்ணன் சொன்னதை முதலில் கைப்பேசியில்தான் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் இடைவேளை நேரம். கூட வேலை செய்யும் ஆசிரியை தன் போனை என் பக்கம் திருப்பி, "டீச்சர், இது உங்க தோட்டந்தானே?" என்றார். 'அம்மன் காலடியில் அற்புத ஊற்று' என்று பெரிய எழுத்தில் போட்ட காணொளி. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மாரியம்மன் கோயில் தெரிந்தது. சிலைக்குப் பின்னாலுள்ள பாறை இடுக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "அம்மா கண்ணத் தொறந்துட்டா" என்று படத்தில் சொல்லிக்கொண்டிருந்தவர் என் அண்ணன்.

நான் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பாடம் தொடங்குமுன் அன்றைக்கு வந்த அறிவியல் செய்தி ஒன்றைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அந்த வாரங்களில் வாசித்ததில் பாதி மண்சரிவுச் செய்திகள். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அண்ணனோ கோயில் கமிட்டித் தலைவர். இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். திருவிழாப் பொங்கலை அவர் திருநீறு வைக்காமல் எனக்குக் கொடுத்தனுப்புவார். நானும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவேன். அதற்குமேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுத்ததில்லை.

சாயந்திரம் போனபோது கோயிலைச் சுற்றிப் போத்தலும் கேனுமாகக் கூட்டம். ஹட்டனிலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். தண்ணீரைத் தொட்டுப் பார்த்தேன். விரல் மரத்துப்போகும் குளிர். கூட்டத்தை விட்டு விலகிக் கோயிலுக்குப் பின்னால் ஏறினேன். லயத்தின் பின்பக்கத்து மழைநீர்க் கான் நீளத்துக்கும் வெடித்திருந்தது. சீமெந்து வெடிப்புக்குள் என் கை போனது. மேலே யூகலிப்டஸ் மரங்கள் சில லயத்தின் பக்கம் சாய்ந்து நின்றன. காற்றில் சாய்ந்தவை அல்ல. அடியோடு சாய்ந்தவை.

லயத்தில் என் அறையான காம்பிராவின் கதவு கொஞ்ச நாளாகவே சரியாகச் சாத்த வரவில்லை. ஈரத்தில் பலகை ஊதியிருக்கிறது என்று நினைத்திருந்தேன். அன்று நின்று பார்த்தேன். பலகையில் கோளாறு இல்லை. நிலைதான் கோணிப்போயிருந்தது.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணே, இது அற்புதம் இல்லீங்க. மலைக்குள்ள தண்ணி நெறஞ்சு வெளிய தள்ளுது. கான் வெடிச்சிருக்கு, மரம் சாஞ்சிருக்கு. மலை நகருது."

"நம்ம தாத்தா காலத்துல இருந்து நகராத மலையா?"

"இந்த மாதிரி மழை அப்ப பெஞ்சதில்லண்ணே."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, நீ சொல்றதே நெசம்னு வை. எங்க போறது? வீடு கட்டித் தாரோம், காணி தாரோம்னு அப்பா காலத்துல இருந்து சொல்றாங்க. எறங்குனா ஒன் ஸ்கூல் தரையிலதான் கெடக்கணும். அவ பாத்துக்குவான்னு நெனச்சாத்தான் இங்க ஒருத்தனுக்குத் தூக்கம் வரும். அதயும் புடுங்காத தங்கச்சி."

எங்கே போவது என்பது நான் படித்த எந்தச் செய்தியிலும் இருக்கவில்லை.

மண்சரிவு பார்க்கும் அரசாங்க அலுவலகத்துக்குப் போன் அடித்தேன். ஓர் இளைஞர் வந்தார், சிங்களவர். வெடிப்பின் ஓரமாக மேலும் கீழும் நடந்தார். போகும்போது, மழை கூடினால் இங்கே இருக்கவே வேண்டாம் என்று என்னிடம் சிங்களத்தில் சொன்னார். கூடி நின்றவர்களிடமும் சொன்னார். தலையாட்டினார்கள். அவர் வண்டி திரும்புமுன் கோயில் மணி அடித்தது.

மழை மறுபடி பிடித்தது. மலையகத்தில் பிறந்தவர்களுக்கு மழை புதிதில்லை. ஆனால் அந்த மழைக்கு ஓய்ச்சல் இல்லை, காற்றும் இல்லை. நேராக இறங்கிக்கொண்டே இருந்தது. கொழுந்து பறிக்க மலைக்குப் போகவேண்டாம் என்று காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். லயம் நிறைந்திருந்தது. அதுதான் எனக்குப் பயம்.

அடுத்த நாள் காலையில் ஊற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. மண் கரைந்த மஞ்சள். நான் கோயில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் செம்பில் மொண்டு கையை உயர்த்தி, "அம்மா மஞ்சத்தண்ணி குடுக்குறா!" என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். பிள்ளைகளின் தலையில் அந்தச் சேற்றைத் தெளித்தார்கள். மலையின் உள்சதை கரைந்து வருகிறது, அதை நெற்றியில் பூசுகிறார்கள். "குடிக்காதீங்க, கீழ போயிருங்க" என்று கத்தினேன். சாமி கும்பிடாத டீச்சர் அப்படித்தான் கத்துவாள் என்பதுபோலப் பார்த்தார்கள்.

மத்தியானம் அண்ணி என் குசினிக்குள் வந்து கதவை ஒருக்களித்தாள். கொழுந்து எடுக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் வருசா வருசம் திருவிழாவில் அவள்மேல்தான் அம்மன் வரும்.

"நீ சொல்றது நெசந்தானா?" என்றாள்.

"நெசம் அண்ணி."

"எங்க காம்பிராச் சொவரு ராத்திரில முனகுது. ஒங்கண்ணன் தூக்கத்துல கேக்கல. நான் கேட்டேன்." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். "நீ சொன்னா எறங்க மாட்டாங்க. அவ சொன்னா எறங்குவாங்க. நான் ஆடுறேன். என்ன சொல்லணும்னு நீ சொல்லு."

நான் திகைத்துப்போனேன். "அண்ணி, அது பொய்யில்லையா?"

"பொய்யினு யாரு சொன்னா? ஒனக்குத் தெரிஞ்சத அவ என் வாயால சொல்லக்கூடாதா?"

வாழ்நாளெல்லாம் நான் எதை எதிர்த்துப் பேசினேனோ, அதற்கே வார்த்தை எடுத்துக் கொடுத்தேன். சுருக்கமாகச் சொன்னேன். மண்சரிவு வரும், பொழுது சாயுமுன் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். அவள் உதடு அசைய அசையக் கேட்டுக்கொண்டாள்.

கோயில் வாசலில், மழையிலேயே ஆடினாள். தலைமுடி அவிழ்ந்து விழ, கண் மேலே செருக, எனக்குத் தெரிந்த அண்ணி அங்கே இல்லை. "எறங்குங்கடா! இந்த மண்ண நான் எடுத்துக்கப் போறேன்!" என்றாள். அது நான் சொல்லிக் கொடுக்காத வாக்கியம். பிறகுதான் மண்சரிவு என்றாள், பள்ளிக்கூடம் என்றாள். பெண்கள் அலறிக்கொண்டு லயத்துக்கு ஓடினார்கள். அடுப்பை அணைத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கினார்கள். மழையில் வரிசையாகப் படி இறங்கினார்கள்.

அண்ணன் மட்டும் கோயில் தூணைப் பிடித்தபடி நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மன் மண்சரிவுன்னு பேச மாட்டா" என்றார் மெதுவாக. "அது ஒன் வாத்தியார் பேச்சு. எனக்குத் தெரியாதா?"

"என் பேச்சாவே இருக்கட்டும், வாங்கண்ணே!"

"எல்லாரும் போயிட்டா வெளக்கு யாரு ஏத்துறது? சனங்க போகட்டும், நல்லதுதான். நான் காலையில வாரேன்."

அண்ணி அவர் காலில் விழுந்து அழுதாள். அப்போது அவள் வெறும் அண்ணிதான். அவர் அவளைத் தூக்கி நிறுத்தி என் கையில் ஒப்படைத்தார்.

விடிந்து, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. லொறி ஒன்று ஓயாமல் கல் கொட்டுவதுபோல. வெளியே ஓடிப் பார்த்தோம். பச்சை மலையின் நடுவில் சிவப்பாக ஒரு கோடு கிழிந்திருந்தது. கோயில் இல்லை. லயத்தில் பாதி இல்லை. அண்ணனை எடுத்துக் கொடுக்க ராணுவப் பையன்களுக்குப் பல நாள் ஆனது.

மறுபடி காணொளி வந்தது. 'அம்மன் வாக்கு ஊரைக் காப்பாற்றியது.' அண்ணனைப் பற்றி, காவலுக்கு அவள் அவரைத் தன்னோடு வைத்துக்கொண்டாள் என்று சொன்னார்கள். நான் மறுக்கப் போகவில்லை. சொல்லிக் கொடுத்தது நான் என்றால் அண்ணியை என்ன செய்வார்கள் என்று தெரியாது. அதைவிட, நான் சொல்லிக் கொடுக்காத அந்த முதல் வாக்கியம் என் மனதை விட்டுப் போகவில்லை; அது எங்கிருந்து வந்தது என்று அவளிடம் கேட்டேன். "தெரியல" என்றாள். அன்றிலிருந்து அவள் ஆடுவதில்லை.

பள்ளிக்கூடத் தரையில் வாரங்கள் போயின. கொடுத்த சோறு குறைந்தது. கொழுந்து பறிக்கும் வேலை தொடங்கிவிட்டது, நடந்து ஏற வெகுதூரம். மிஞ்சிய பாதி லயத்தில் கோழியும் காய்கறிப் பாத்தியில் லீக்ஸும் கிடந்தன. திரும்பிப் போகலாமா என்று அண்ணியிடம் கேட்டுக் கேட்டு வந்தார்கள். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். அவள் எழுந்து அப்பால் போய்விடுவாள். மேலே இன்னும் வெடிப்பு இருக்கிறது, அளந்து பார்க்காமல் ஏறாதீர்கள் என்று நான் சொன்னேன். அந்த இளைஞரும் வந்து அதையே சொன்னார். தலையாட்டினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட முற்றத்தில், இதுவரை சாமி வராத ஒரு பெண்மீது சாமி வந்தது. கைக்குழந்தைக்காரி. அவள் காம்பிரா மிஞ்சிய பாதியில் இருந்தது. "நான் எடுக்க வேண்டியத எடுத்துட்டேன். இனி ஏறுங்க!" என்றாள். பொய்யாக ஆடினாள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்கள் அண்ணியின் கண்களைப் போலவேதான் செருகின.

அண்ணி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நீ போய்ச் சொல்லு" என்றாள்.

சொன்னேன். அவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் என்னைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். "அன்னிக்கும் அவதான டீச்சர் சொன்னா?" என்றார்.

இப்போது அங்கே புகை தெரிகிறது. காலையும் மாலையும், மிஞ்சிய காம்பிராக்களிலிருந்து. பாடம் நடத்தும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இந்த மாதம் மழை முன்னதாகவே தொடங்கிவிட்டது.